பள்ளித் தோட்டத்தில் சக்கர நாற்காலிக்குப் பாதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் பள்ளி பள்ளியாகப் போகும் சிறப்புப் பயிற்றுநர் நான். தலைமையாசிரியர், பெற்றோர், ஊராட்சித் தலைவர், கொத்தனார் என்று ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. ஓசூரில் கேட்டதையே அரூரிலும் கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் தொண்டை வறளச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் போக்கிலேயே விட்டிருக்கிறேன். அளவுகள் அடி, அங்குலத்தில் இருக்கின்றன. கொத்தனாரிடம் மில்லிமீட்டர் சொன்னால் தலையாட்டிவிட்டுத் தன் கணக்கில்தான் போடுவார்.

எங்கள் பள்ளியில் சக்கர நாற்காலியில் வரும் பிள்ளையே இல்லையே, யாருக்காகப் பாதை போடுவது?

பிள்ளை இல்லாததால் பாதை இல்லையா, பாதை இல்லாததால் பிள்ளை இல்லையா என்று முதலில் பாருங்கள். வட்டார வள மையத்தில், பள்ளிக்கு வர முடியாமல் வீட்டிலிருந்தே படிக்கும் பிள்ளைகளின் பட்டியல் இருக்கும். அதில் உங்கள் ஊர்ப் பெயர் இருக்கிறதா என்று ஒருமுறை கேளுங்கள். பல தலைமையாசிரியர்கள் அந்தப் பட்டியலைப் பார்த்த பிறகு இந்தக் கேள்வியை மறுபடி கேட்டதில்லை.

சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 16ஆம் பிரிவில், கல்வி நிறுவனத்தின் கட்டடம் மட்டுமல்ல, வளாகமும் மற்ற வசதிகளும் அணுகத்தக்கவையாக இருக்க வேண்டும் என்கிறது. வளாகம் என்றால் தோட்டமும் சேர்த்திதான். அதோடு, கால் முறிந்து கட்டுப் போட்டு வரும் பையன், ஊன்றுகோலோடு பேரனை அழைத்துப் போக வரும் தாத்தா, சத்துணவுக் கூடத்துக்கு அரிசி மூட்டையைத் தள்ளுவண்டியில் கொண்டு வருபவர் எல்லோரும் அதே பாதையில்தான் நடக்கப் போகிறார்கள்.

வகுப்பறைக்கு ஏறச் சாய்தளம் போட்டிருக்கிறோம். அது போதாதா?

வகுப்பறைக்குப் போதும். தோட்டத்துக்குப் போதாது. பாலக்கோடு பக்கம் ஒரு பள்ளியில் சாய்தளம் அருமையாக இருக்கிறது, இருபுறமும் கைப்பிடி, மஞ்சள் வண்ணம். அதன் அடிவாரத்தில் இறங்கியதும் ஒரு முழ ஆழத்துக்குப் பள்ளம், அதில் கைகழுவும் இடத்துத் தண்ணீர். ஆய்வுக்கு வருபவர் சாய்தளத்தைப் புகைப்படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார். பிள்ளை அங்கேயே நிற்கும்.

எங்கள் பள்ளியில் சக்கர நாற்காலியில் வரும் பையனை நான்கு பையன்கள் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அன்பாகத்தானே செய்கிறார்கள்?

அன்புதான், சந்தேகமில்லை. ஆனால் அந்த நான்கு பேரும் பந்து விளையாடப் போன பிறகு அவன் தோட்டத்திலேயே காத்திருக்க வேண்டும். வெயில் ஏறினாலும், சிறுநீர் கழிக்க வேண்டும் என்று தோன்றினாலும், யாரையாவது கூப்பிட வேண்டும். எட்டாம் வகுப்புப் பையனுக்கு அது எவ்வளவு கூச்சம் என்று நமக்குத் தெரியும். நாற்காலியோடு தூக்குவதில் ஆபத்தும் உண்டு: பிடிப்பவர்கள் பெரும்பாலும் கைதாங்கியையோ கால்பலகையையோ பிடிக்கிறார்கள். பல நாற்காலிகளில் இரண்டும் கழன்று வரும்படி செய்யப்பட்டவை.

கீழே நான் சொல்லும் எல்லா அளவுகளுக்கும் ஒரே உரைகல்தான்: பிள்ளை தானாகப் போய், வேலையைப் பார்த்து, தானாகத் திரும்பி வர வேண்டும். போவது மட்டும் நடந்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

எங்கள் ஊர் செம்மண் காய்ந்தால் கல் மாதிரி ஆகிவிடும். நன்றாக இடித்துக் கெட்டிப்படுத்தினால் போதாதா?

மாசி, பங்குனியில் போதும். நம் மாவட்டங்களுக்குத் தென்மேற்குப் பருவமழையும் வருகிறது, வடகிழக்குப் பருவமழையும் வருகிறது. செப்டம்பர், அக்டோபரில் அதே செம்மண் வழுக்கும், சக்கரத்தில் அப்பிக்கொள்ளும். தோட்டத்தில் வேலை அதிகம் இருப்பதும் அப்போதுதான்.

இன்னொன்று, நடப்பவர்களுக்குத் தெரியாதது. நாற்காலியைத் தள்ளும் வளையம் பின்சக்கரத்தை ஒட்டியே இருக்கிறது. சக்கரத்தில் ஏறிய சேறு ஒரு சுற்றில் உள்ளங்கைக்கு வந்துவிடும், அடுத்த சுற்றில் சட்டைக் கைக்கு. அந்தக் கையோடுதான் அடுத்த பாடவேளையில் நோட்டைத் திறக்க வேண்டும். முன்னால் இருக்கும் சிறுசக்கரங்களோ இன்னும் மோசம். ஒரு சாண் அளவுக்கே இருக்கும் அவை, இளகிய மண்ணில் புதைந்து நின்றுவிடும். பின்சக்கரத்தை எவ்வளவு தள்ளினாலும் நாற்காலி நகராது, முன்னால் கவிழத்தான் பார்க்கும்.

பாதை எவ்வளவு அகலம் வேண்டும்? மூன்றடி போதும் என்கிறார் கொத்தனார்.

நான்கு அடி வேண்டும். பெரியவர்களின் நாற்காலியே இரண்டேகால் அடி அகலத்துக்குள் அடங்கிவிடும் என்பதால்தான் கொத்தனார் மூன்றடி என்கிறார். ஆனால் வளையத்தைத் தள்ளும்போது முழங்கை வெளியே வரும். பக்கத்தில் செடி வளர்ந்து பாதைக்குள் சாயும். யாராவது எதிரே வந்தால் ஒதுங்க வேண்டும். மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளும் 1,200 மில்லிமீட்டர், அதாவது நான்கு அடியைத்தான் குறைந்த அகலமாகச் சொல்கின்றன. இரண்டு நாற்காலிகள் எதிரெதிரே கடக்க வேண்டுமானால் ஆறு அடி. சிறிய தோட்டத்தில் முழு நீளத்துக்கும் ஆறு அடி தேவையில்லை. நடுவில் ஓரிடத்தில் மட்டும் அகலப்படுத்தினால் போதும்.

நாற்காலி முழுதாகத் திரும்ப ஐந்து அடிக்கு ஐந்து அடி இடம் வேண்டும். பாதை முட்டி நிற்கும் முனையிலும், குழாயடியிலும், பாத்திகளின் முன்னாலும் இது கட்டாயம். முட்டுச்சந்தாக விட்டால் பிள்ளை பின்பக்கமாகவே வர வேண்டியிருக்கும். தோட்டக் கதவின் திறப்பு மூன்று அடிக்குக் குறையக் கூடாது. ஆடு நுழையாமல் இருக்க வைக்கும் வளைந்த இரும்புத் தடுப்பில் நாற்காலியும் நுழையாது. அதற்குப் பதில் தாழ்ப்பாள் போட்ட கதவு வையுங்கள், தாழ்ப்பாள் மூன்றடி உயரத்தில் இருக்கட்டும்.

எங்கள் பள்ளி சரிவில் இருக்கிறது. சாய்வு எவ்வளவு இருக்கலாம்?

தேன்கனிக்கோட்டை, தளி, அஞ்செட்டிப் பக்கம் எந்தப் பள்ளிக்குப் போனாலும் இந்தக் கேள்வி உண்டு. கணக்கு எளிது. ஓர் அங்குல உயரத்துக்குக் குறைந்தது ஓர் அடி நீளம், அதாவது 1:12. ஆறு அங்குலப் படிக்கு ஆறடிச் சாய்தளம், இரண்டடி மேட்டுக்கு 24 அடி. இது உச்ச வரம்பு. தோட்டப் பாதைக்கு 1:20 இருந்தால்தான் ஆறாம் வகுப்புப் பிள்ளை மூச்சு வாங்காமல் போகும். 20 அடிக்கு ஓர் அடி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1:20க்கு மேல் சாய்வு போனால் அது பாதை அல்ல, சாய்தளம். அப்போது இருபுறமும் இரண்டரை அடி, மூன்று அடி உயரங்களில் கைப்பிடிகள் வேண்டும். முப்பது அடிக்கு ஒருமுறை ஐந்தடி நீளத்துக்குச் சமதளம் வேண்டும்.

குறுக்குச் சாய்வைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை, கெடுப்பது அதுதான். மழைநீர் வடிய வேண்டும் என்று கொத்தனார் ஒரு பக்கமாக வாட்டம் தருவார். நான்கடி அகலத்துக்கு ஓர் அங்குலத்துக்கு மேல் வாட்டம் கொடுத்தால் நாற்காலி அந்தப் பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகும். பிள்ளை ஒரு கையால் தள்ளி, மறு கையால் பிடித்து, நேராக ஓட்டவே பாடுபடும்.

அவ்வளவு நீளத்துக்கு இடமில்லை. கொஞ்சம் செங்குத்தாகப் போட்டு, யாராவது பின்னால் தள்ளினால் ஆகாதா?

தூக்கிப் போவதைப் பற்றி மேலே சொன்ன பதிலை மறுபடி பாருங்கள். காத்திருப்பது அப்படியே இருக்கிறது, தூக்குவது தள்ளுவதாக மாறியிருக்கிறது, அவ்வளவுதான். செங்குத்துச் சாய்தளத்தில் ஏறுவதைவிட இறங்குவது பயங்கரம். உள்ளங்கையால் வளையத்தை உரசி உரசித்தான் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

நேராக இடமில்லை என்றால் வளைத்துப் போடுங்கள். சரிவுக்குக் குறுக்கே போய், ஐந்தடிச் சமதளத்தில் திரும்பி, மறுபடி குறுக்கே வரலாம். மலைக் கிராமத்துக் கொத்தனார்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம், ஊரின் வண்டிப் பாதைகளே அப்படித்தான் ஏறுகின்றன. அதற்கும் இடமில்லை என்றால் தோட்டத்தை மேலே கொண்டுவாருங்கள். பாத்திகளில் மூன்று நான்கை வகுப்பறை மட்டத்துக்கே மாற்றிவிடுவது பல பள்ளிகளில் சாய்தளத்தைவிட மலிவாக முடிந்திருக்கிறது.

காங்கிரீட்டா, பேவர் பிளாக்கா? எது நல்லது?

என்னைக் கேட்டால் காங்கிரீட், அதுவும் மேற்பரப்பைத் துடைப்பத்தால் குறுக்கே இழுத்துச் சொரசொரப்பாக்கியது. கொத்தனார்கள் கரண்டியால் பளபளவென்று இழைத்துக் காட்டுவதில் பெருமைப்படுவார்கள். அந்தப் பெருமையைச் சமையலறையில் காட்டச் சொல்லுங்கள். நான்கு அங்குலம் கிராவல் போட்டுத் திமிசால் இடித்து, அதன் மேல் நான்கு அங்குலக் காங்கிரீட், எட்டடிக்கு ஓர் இணைப்புக் கோடு. ஐம்பது அடி நீளம், நான்கடி அகலப் பாதைக்கு 1:2:4 கலவையில் (ஒரு பங்கு சிமென்ட், இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு ஜல்லி) சுமார் 12 மூட்டை சிமென்ட், ஏறக்குறைய 60 கன அடி ஜல்லி, 30 கன அடி எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) பிடிக்கும். நூறு கன அடி ஒரு யூனிட் என்பதால், அரை யூனிட்டுக்குச் சற்று மேல் ஜல்லியும் யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக மணலும். மதிப்பீடு எழுதித் தருபவர் இதன் இருமடங்கு போட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

பேவர் பிளாக்கும் கெட்டதல்ல. நடைபாதைக்கு 60 மில்லிமீட்டர் கனம் போதும். பழுதானால் அந்த இடத்தை மட்டும் எடுத்துப் போடலாம், வெடிப்பு விடாது. ஆனால் ஓரத்தில் காங்கிரீட் கட்டுக்கல் இல்லாமல் பதித்தால் ஒரே மழைக்காலத்தில் பக்கவாட்டில் நகர்ந்து, கல்லுக்கும் கல்லுக்கும் இடையே சந்து விழும். அரை அங்குலச் சந்து போதும், முன்சக்கரம் மாட்டிக்கொள்ள. கால அளவில் சொன்னால், காங்கிரீட்டை அரையாண்டு விடுமுறையின் முதல் நாளே போட்டுவிடுங்கள். கோணிச் சாக்கை நனைத்துப் போட்டு ஏழு நாளாவது நீராற்ற வேண்டும், அதற்கு அந்த விடுமுறை சரியாக இருக்கும். மே மாதத்தில் வெயிலும் அதிகம், ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீரும் குறைவு.

இங்கே கிரானைட் துண்டு சும்மாவே கிடைக்கிறது. அதைப் பதித்துவிடலாமா?

பர்கூர், கிருஷ்ணகிரி சுற்றுவட்டாரத்துக்கே உரிய கேள்வி. அறுப்புக் கூடங்களின் வாசலில் மலைமலையாகக் குவிந்து கிடப்பதைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். மெருகேற்றிய முகம் மேலே வருமாறு பதித்தால், நனைந்ததும் ஊன்றுகோல்காரர் விழுவார், நாற்காலியின் சக்கரம் வழுக்கிச் சுற்றும். தீச்சுடரால் சொரசொரப்பாக்கிய கல் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் துண்டைக் கவிழ்த்து, ரம்பம் பட்ட கரடுமுரடான பக்கம் மேலே இருக்குமாறு வையுங்கள்.

அதிலும் ஒரு சிக்கல், துண்டுகள் ஒரே கனத்தில் இருப்பதில்லை. அடியில் கலவையைக் கூட்டிக் குறைத்து மேற்புறத்தை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரக் கொத்தனாருக்குப் பொறுமை வேண்டும். என் கருத்தில் கிரானைட் துண்டுகளை ஓரக் கட்டுக்கும் பாத்திச் சுவருக்கும் வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். இலவசக் கல்லுக்குக் கொடுக்கும் கூலி பெரும்பாலும் காங்கிரீட் செலவுக்குச் சமமாகிவிடுகிறது.

காங்கிரீட்டுக்குப் பணம் இல்லை. ஜல்லி பரப்பி விட்டால்?

ஜல்லி வேண்டவே வேண்டாம். மண்ணாவது காய்ந்தால் கெட்டியாகும், ஜல்லி என்றைக்கும் சிறுசக்கரத்தைப் போக விடாது. கையில் பணம் குறைவென்றால் கிரஷர் டஸ்ட், அதாவது கல் உடைக்கும் ஆலையின் தூள், நல்ல வழி. கிராவலை இடித்த பிறகு, பத்துக் கூடை டஸ்ட்டுக்கு ஒரு கூடை சிமென்ட் கலந்து, இரண்டு மூன்று அங்குலம் பரப்பி, லேசாகத் தண்ணீர் தெளித்து இடித்தால் கெட்டியான தளம் வரும். காங்கிரீட் போல் உழைக்காது, ஆண்டுக்கொரு முறை அரித்த இடத்தைப் பூச வேண்டும். ஆனால் இந்த ஆண்டு படிக்கும் பிள்ளை இந்த ஆண்டே தோட்டத்துக்குப் போகும்.

தண்ணீர்க் குழாய், வாய்க்கால் எல்லாம் பாதையைக் கடக்கின்றன. அவற்றை என்ன செய்வது?

பாதை போடுவதற்கு முன் யோசித்தால் ஒன்றுமே இல்லை. குழாய் கடக்கும் இடங்களில் எல்லாம் மூன்று அங்குலப் பி.வி.சி. குழாயைக் குறுக்கே புதைத்துவிட்டு மேலே காங்கிரீட் போடுங்கள். சொட்டுநீர்க் குழாயை அதற்குள் நுழைத்துக்கொள்ளலாம். இப்போதைக்குத் தேவையில்லாத இரண்டு குழாய்களையும் சேர்த்துப் புதைத்து, வாயைத் துணியால் அடைத்து வையுங்கள். அடுத்த ஆண்டு புதிதாக வரும் தோட்ட ஆசிரியர் காங்கிரீட்டை உடைக்காமல் இருப்பார்.

வாய்க்காலுக்கு மேல் இரும்புக் கம்பி மூடி போட்டால், கம்பிகள் நடக்கும் திசைக்குக் குறுக்காக ஓட வேண்டும், இடைவெளி அரை அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். கம்பிகள் நீளவாட்டில் இருந்தால் முன்சக்கரம் ரயில் தண்டவாளத்தில் இறங்கியது போல உட்கார்ந்துவிடும்.

பாதை போகும் வழியில் பெரிய புளியமரம் இருக்கிறது. வெட்டிவிடலாம் என்கிறார்கள்.

வெட்டாதீர்கள். சித்திரை வெயிலில் காங்கிரீட்டும் கொதிக்கும், தள்ளும் இரும்பு வளையமும் கையைச் சுடும். நிழலில்லாத பாதையில் பத்து மணிக்கு மேல் அந்தப் பிள்ளை போகவே முடியாது. மரத்தைச் சுற்றிப் பாதையை வளைத்து விடுங்கள். அடிமரத்திலிருந்து எவ்வளவு விலக முடியுமோ அவ்வளவு விலகுங்கள், வேர் தளத்தைத் தூக்கும். வேருக்கு மேல் போயே ஆக வேண்டும் என்றால் அந்தப் பகுதிக்கு மட்டும் பேவர் பிளாக் பதியுங்கள். வேர் தூக்கும்போது எடுத்துச் சமன் செய்து மறுபடி பதிக்கலாம். தாழ்ந்த கிளைகளை ஏழு அடி உயரம் வரை கழித்துவிடுங்கள். புளியம்பழம் விழும் மாதங்களில் தினமும் கூட்ட வேண்டும், நசுங்கிய புளி சக்கரத்தில் ஒட்டினால் சேற்றைவிடப் பிடிவாதம்.

நாற்காலி அடிக்கடி பஞ்சர் ஆகிறது. பாதையில் குறையா?

நெருஞ்சி முள்ளாக இருக்கும். மஞ்சள் பூவோடு தரையில் படர்ந்து கிடக்கும், ஓரத்திலிருந்து பாதைக்கு வந்துவிடும். பூ விடும்போதே வேரோடு பிடுங்க வேண்டும், காய் முற்றிய பிறகு பிடுங்கினால் முள்ளை நாமே தூவியதாக ஆகும். சீமைக்கருவேல முள்ளை வேலியாக அடைத்திருந்தால் அதை முதலில் அகற்றுங்கள். காற்றில்லாத கெட்டி டயர் போடலாம், பஞ்சர் ஆகாது, ஆனால் மேடுபள்ளத்தில் உடம்பைக் குலுக்கும். பெரும்பாலான நாற்காலிகளின் பின்டயரை உள்ளூர் சைக்கிள் கடையிலேயே ஒட்டிவிடலாம்.

பாதை போட்டுவிட்டோம். ஆனால் பாத்தி தரையில் இருக்கிறது, பையனுக்குக் கை எட்டவில்லை.

நான் கேட்கக் காத்திருக்கும் கேள்வி இது. பாதை மட்டும் இருந்தால் பையன் வேடிக்கை பார்ப்பவனாகவே இருப்பான். மலிவான வழி, கிணற்றுக்கு இறக்கும் சிமென்ட் உறை. மூன்றடி விட்டம், ஓரடி உயரமுள்ள உறைகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் இரண்டடி உயரப் பாத்தி. அடியில் உடைந்த செங்கல், தென்னை மட்டை, அதன் மேல் மண்ணும் எருவும். சுற்றிலும் எங்கிருந்து வந்தாலும் நடுப்பகுதி எட்டும். உட்கார்ந்த பிள்ளையின் கை பக்கவாட்டில் ஒன்றரை அடிதான் வசதியாகப் போகும். எனவே ஒரு பக்கம் மட்டும் அணுகக்கூடிய பாத்தியை ஒன்றரை அடிக்கு மேல் அகலமாக்க வேண்டாம்.

பக்கவாட்டில் திரும்பி வேலை செய்தால் முதுகு வலிக்கும். நேராக உட்கார்ந்து செய்ய மேசை போன்ற பாத்தி வேண்டும், முழங்கால் அடியில் நுழைய வேண்டும். வழிகாட்டி நூல்களில் இருக்கும் அளவு பெரியவர்களுக்கானது. நீங்கள் அந்தப் பிள்ளையை உட்கார வைத்து, முழங்கால் உயரத்தை அளந்து, இரண்டு அங்குலம் கூட்டுங்கள். கீரை, வெந்தயம், தக்காளிக்கு எட்டு அங்குல மண் பெரும்பாலும் போதும். இன்னொரு வழி, செடியை எட்டும் உயரத்துக்கு ஏற்றுவது: பாதையோரம் கம்பி வலை கட்டி அவரையும் பீர்க்கும் ஏற்றினால், காய் பறிக்கும் வேலை அவனுக்கு மற்றவர்களைவிட எளிது. குழாய் இரண்டரை அடி உயரத்தில், திருகாமல் தட்டித் திறக்கும் வகையில் இருக்கட்டும்.

பார்வையில்லாத மாணவியும் இருக்கிறாள். இதே பாதை அவளுக்கும் உதவுமா?

உதவும், இரண்டு சேர்க்கைகளோடு. ஓரத்தில் மூன்று அங்குல உயரத்துக்குக் கட்டு இருந்தால் அவளுடைய கோல் அதைத் தட்டிக்கொண்டே போகும், நாற்காலியும் சரிந்து பாத்திக்குள் இறங்காது. பாத்தி வரும் இடத்தில் தளத்தின் சொரசொரப்பை மாற்றுங்கள், அங்கே மட்டும் பேவர் பிளாக் பதித்தாலும் போதும். அவள் வழியில் மண்வெட்டியும் வாளியும் கிடக்காமல் பார்ப்பது எந்தக் கட்டுமானத்தையும்விட முக்கியம்.

பணத்துக்கு எங்கே போவது?

முதலில் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம். மாற்றுத்திறன் கொண்ட பிள்ளையின் பெற்றோருக்கும் அந்தக் குழுவில் இடம் உண்டு, அவரைப் பேச விடுங்கள். தீர்மானத்தோடும் மதிப்பீட்டோடும் ஊராட்சிக்குப் போங்கள். தெருத்தெருவாகப் பேவர் பிளாக் பதிக்கும் ஊராட்சிக்கு ஐம்பது அடி பெரிய பாரமல்ல, கிராம சபையில் எழுப்பினால் இன்னும் நல்லது. சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி இருக்கிறது. 2022இல் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ திட்டம் வழியாக முன்னாள் மாணவர்களும் நிறுவனங்களும் தரலாம், ஓசூர்ப் பக்கத்துப் பள்ளிகளுக்குத் தொழிற்சாலைகள் அருகிலேயே இருக்கின்றன.

ரொக்கமாகக் கேட்பதைவிடப் பொருளாகக் கேட்டால் சீக்கிரம் கிடைக்கிறது. கிரஷர் உரிமையாளரிடம் ‘நன்கொடை’ என்றால் யோசிப்பார், ‘அரை யூனிட் ஜல்லி’ என்றால் வண்டியை அனுப்பிவிடுவார். பணம் பாதிதான் சேர்ந்தது என்றால் முழு நீளத்தையும் மட்டமாகப் போடாதீர்கள். வகுப்பறையிலிருந்து ஒரே ஒரு பாத்தி வரை சரியாகப் போட்டுவிட்டு நிறுத்துங்கள்.

நாற்காலியில் வரும் பையனைத் தனியாகத் தோட்டத்துக்கு விட்டு, விழுந்துவிட்டால் யார் பொறுப்பு?

சைக்கிளில் வரும் பையன் விழுந்தால் யார் பொறுப்போ அவரே. தோட்ட வேளையில் ஓர் ஆசிரியர் இருக்கத்தான் போகிறார், அந்தக் கண்காணிப்பு நாற்பது பேருக்கும் பொது. பயத்தை உண்மையான ஆபத்துகளின் மேல் காட்டுங்கள்: மூடாத கிணறு, பூச்சி மருந்து டப்பா, ஓரக்கட்டு இல்லாத மேடு, பாசி பிடித்த குழாயடி. இவற்றைச் சரிசெய்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் நல்லது. இவனை மட்டும் வகுப்பறையில் உட்கார வைப்பது பாதுகாப்பு ஏற்பாடு ஆகாது. சட்டத்தின் கண்ணில் அது பாகுபாடு.

ஒப்பந்தக்காரர் முடித்துவிட்டேன் என்கிறார். சரியாகப் போட்டிருக்கிறாரா என்று எப்படிப் பார்ப்பது?

ஐந்தடி நீள அலுமினியப் பட்டை, ஒரு ரசமட்டம், ஒரு வாளித் தண்ணீர். பட்டையின் ஒரு முனையைச் சாய்வின் மேல்பக்கம் வைத்து, மறுமுனையைத் தூக்கி ரசமட்டம் நேராகும் இடத்தில் பிடியுங்கள். தூக்கிய முனைக்கும் தரைக்கும் இடைவெளி மூன்று அங்குலம் என்றால் 1:20, ஐந்து அங்குலம் என்றால் 1:12. அதற்கு மேல் போனால் பணம் கொடுக்க வேண்டாம். வாளித் தண்ணீரைப் பாதையில் ஊற்றி, எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். பாதை தொடங்கும், முடியும் இடங்களில் காலை வைத்துப் பார்த்தால் தெரியாத அரை அங்குல விளிம்பு நாற்காலியில் உட்கார்ந்தால் தெரியும். ஆகவே ஒப்பந்தக்காரரையே உட்கார வைத்து ஒருமுறை ஓட்டச் சொல்லுங்கள். பிறகு பிள்ளை ஓட்டட்டும், யாரும் தொடாமல்.

முதல் பெருமழைக்குப் பின் மறுபடி பாருங்கள். ஓரத்து மண் அரித்து, தளத்தின் விளிம்பு வெளியே தெரிந்தால் உடனே மண் அணைத்துப் புல் வையுங்கள்.

எல்லாம் செய்தோம். இப்போது எங்கள் மாணவி தோட்டத்துக்கு வரவே மாட்டேன் என்கிறாள்.

அவளிடம் என்ன வேலை கொடுத்திருக்கிறீர்கள்? பல பள்ளிகளில் நாற்காலிப் பிள்ளைக்குக் கிடைப்பது யார் வந்தார், யார் தண்ணீர் ஊற்றினார் என்று குறிப்பேட்டில் எழுதும் வேலை. அதை எந்தப் பிள்ளை விரும்பும்? அவளுக்கென்று ஒரு பாத்தி, விதை அவள் விருப்பம், அறுவடையும் அவள் கையால். அதன் பிறகும் மறுத்தால் தோட்டத்துக்கு வெளியே காரணம் தேடுங்கள். கழிப்பறை எட்டாத பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமலே இருப்பார்கள், வெயிலில் வேலை செய்ய அஞ்சுவார்கள்.

கெலமங்கலம் பக்கத்தில் ஒரு மாணவி காரணமே சொல்லாமல் மறுத்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மாவிடம் பேசியபோது தெரிந்தது: சேற்றுச் சக்கரத்தோடு வீட்டுக்குள் வந்தால் மெழுகிய தரை பாழாகிறது என்று பாட்டி திட்டுகிறார். அந்தப் பள்ளியில் குழாயடியை ஒட்டிப் பழைய தென்னைநார் மிதியடிகள் இரண்டைப் பதித்து, கைப்பிடி நீளமான ஒரு பிரஷையும் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். நாற்காலியை மிதியடி மேல் இரண்டு முறை முன்னும் பின்னும் உருட்டி, பிரஷால் டயரைத் தேய்த்துவிட்டு அவள் வகுப்புக்குப் போகிறாள். பிரஷ் தேய்ந்துபோனால் மேலாண்மைக் குழுக் கணக்கில் புதிது வாங்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.